திம்பம் மலையில் கர்த்தர் அணைத்த விளக்கு

நான் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் நான் எதை இழந்தேன், கர்த்தர் எனக்கு எதைக் கொடுத்தார் என்று உங்களுக்குப் புரியாது.

சோமனூருக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்துப் பண்ணையாளுக்குப் பிறந்தவன் நான். மூன்றாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. தறிக்கு எண்ணெய் விட்டேன். பிறகு வெல்டிங் பிடித்தேன். யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை, அடுத்தவன் கையைப் பார்த்தே பிடித்துக்கொண்டேன். இன்று கருமத்தம்பட்டிப் பக்கம் லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறை என்னுடையது. குடியிருந்த ஓலைக் குடிசை இருந்த இடத்தில் மாடி வீடு கட்டினேன். நம் சபையின் மணிக்கூண்டு இரும்பு என் கையால் ஒட்டியது. மணியை மேலே ஏற்ற ஆளில்லாமல் எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, சங்கிலி போட்டு ஏற்றி மாட்டினவனும் நான்தான். மகள் கிரேஸைப் பட்டம் படிக்கவைத்தேன். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவது அவள்தான். எதையும் சேர்க்கவும் கூடாது, குறைக்கவும் கூடாது என்று கண்டித்துச் சொல்லியிருக்கிறேன்.

இத்தனையும் கட்டின எனக்கு என் மனைவியின் நெஞ்சுக்குள் ஒரு மூச்சைக் கட்டிக்கொடுக்கத் தெரியவில்லை.

அவள் பெயர் எஸ்தர். தாளவாடி மலைக்காரி. அவளுக்கு இருதயம் பெருத்துவிட்டது என்று கோயமுத்தூரில் சொன்னார்கள். மாத்திரை, ஊசி, மறுபடியும் ஆஸ்பத்திரி. கால் வீங்கும், வடியும், மறுபடியும் வீங்கும். மல்லாந்து படுத்தால் மூச்சு நின்றுவிடும் போல இருக்கும். சாய்ந்து உட்கார்ந்தேதான் தூங்குவாள். தொண்ணூற்றாறாம் வருஷம் பூராவும் எங்களுக்கு இப்படித்தான் போனது.

ஜெபிக்காத நாள் இல்லை. உபவாசம் இருந்தேன். மூப்பர்கள் வந்து எண்ணெய் பூசி ஜெபித்தார்கள். அவள் எழுந்து நடக்கவில்லை. சபையில் சிலர், "வீட்டில் விசுவாசக் குறைச்சல் இருக்கும்" என்று பேசியது என் காதுக்கு வந்தது. அந்த வாரம் முதல் நான் ஆராதனைக்கும் போகவில்லை, ஜெபிக்கவும் இல்லை. நான் ஏற்றின மணி அடிக்கும். பட்டறைக்குள் இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

இனி அந்த வண்டியைப் பற்றிச் சொல்லவேண்டும்.

எஸ்தர் நன்றாக இருந்த காலத்தில், ஊர் ஊராகக் கன்வென்ஷன் கூட்டங்களுக்குக் குடும்பத்தோடு போய்வர ஒரு வண்டி கட்டினேன். பழைய பஸ்ஸின் சேஸ், அதாவது சக்கரத்தோடு அடிச்சட்டம் ஒன்றை வாங்கி, தேக்குச் சட்டம் போட்டு, அலுமினியத் தகடு அடித்து, உள்ளே இரண்டு கட்டில், அடுப்பு மேடை, கூரையில் தண்ணீர்த் தொட்டி, பின்னால் சின்னக் கழிப்பறை. இந்தச் சுற்றுவட்டாரத்தில் அப்படி ஒன்றை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. பதிவு செய்யக் கொண்டுபோனால், பஸ் கணக்கில் எழுதுவதா லாரி கணக்கில் எழுதுவதா என்று ஆபீசில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வீடு மாதிரி இருந்ததால் ஊர்க்காரர்கள் என் பேரைச் சேர்த்து அதற்கு 'சாமியேல் ஊடு' என்று பேர் வைத்தார்கள்.

முன் கண்ணாடியின் மேல்பாதியில் வேத வசனம் எழுதி, சுற்றிலும் சீரியல் பல்பு ஓடவிட்டேன். உள்ளே கட்டிலுக்கு மேல் டியூப் லைட். அதற்கென்றே தனி பேட்டரி வைத்தேன். எஸ்தருக்கு இருட்டு என்றால் பயம். மலையில் சின்ன வயதில், இருட்டில் யானை வந்து சுவரை முட்டின வீட்டில் வளர்ந்தவள். கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வீட்டில் விளக்கை அணைத்துவிட்டு யாரும் தூங்கினதில்லை. அதனால் ஓட்டுகிற இடத்துக்கும் கட்டிலுக்கும் நடுவில் தடுப்பும் வைக்கவில்லை, திரையும் போடவில்லை. தலைக்கு மேல் கண்ணாடியில் என் குடும்பம் முழுவதும் எனக்குத் தெரியவேண்டும் என்று அப்படிச் செய்தேன்.

நவம்பர் மாதம் ஆஸ்பத்திரியில், "இனி வீட்டிலேயே வைத்துப் பாருங்கள்" என்றார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று தெரிய மூன்றாம் வகுப்பே போதும்.

மறுநாள் காலை எஸ்தர் என்னைக் கூப்பிட்டாள்.

"ஏனுங்க, அந்த ஊட்டு வண்டி ஓடுமுங்களா?"

"ஓடாம என்ன? நான் கட்டுனதாச்சே."

"எங்கக்கா ஊட்டுல கொண்டுபோய் உட்டுருங்க. அவ மடியில தலை வெக்கோணும். வேற ஒண்ணும் கேக்கலீங்க."

அவள் அக்கா சாராள் தாளவாடியில் இருந்தார். தாயில்லாத பிள்ளையாக எஸ்தரை வளர்த்தவர் அவர்தான். சரி என்றேன். மத்தியானத்துக்கு முன்னால் கிளம்பினால் வெளிச்சம் இருக்கும்போதே மலையேறிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். ஆனால் நம் சபை வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஒருவர் பயணம் போகிறார் என்றால் ஜெபிக்காமல் அனுப்பமாட்டோம். ஒரு வீட்டார் ஜெபித்துவிட்டு அடுத்த வீட்டார் ஜெபிக்காமல் விடமாட்டார்கள். வந்தவர்களுக்குக் காப்பி கொடுக்காமலும் இருக்கமுடியாது. எல்லோருக்கும் இது கடைசிப் பார்வை என்று தெரியும். எஸ்தர் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறார்கள். அவர்களை எப்படி விலக்குவது? வண்டி நகரும்போது வெயில் சாய்ந்துவிட்டது.

நான் ஓட்டினேன். பக்கத்தில் எஸ்தரின் தம்பி தானியேல். பின்னால் கிரேஸ், அம்மாவைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புளியம்பட்டி தாண்டி சத்தியமங்கலம் வரும்போது நன்றாக இருட்டிவிட்டது. பண்ணாரியில் மலை அடிவாரத்தில் வண்டியை நிறுத்தினேன். விடியும்வரை அங்கேயே கிடப்பது என்றுதான் நினைத்தேன். இரவில் பெரிய வண்டியை மலையேற்ற நான் முட்டாள் அல்ல.

அப்போது கிரேஸ் கூப்பிட்டாள். "அப்பா, அம்மாவுக்கு உதடு நீலமாகுது."

போய்ப் பார்த்தேன். மூச்சு அறுந்து அறுந்து வந்தது. விடியும்வரை தாங்கமாட்டாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அங்கே நின்றால் ரோட்டோரத்தில் சாவாள். மேலே போனால் அக்கா மடி. போகவேண்டிய வழியோ திம்பம் மலை. அடுக்கடுக்காகக் கொண்டை ஊசி வளைவு. அந்த வருஷங்களில் அந்தக் காட்டு வழி எப்படி இருந்தது என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. சந்தனக் கடத்தல்காரர்களைத் தேடி வழிநெடுகப் போலீஸ் நிற்கும்.

செக்போஸ்ட்டில் நிறுத்திவிட்டார்கள். ஒரு போலீஸ்காரர் டார்ச் அடித்துக்கொண்டு வண்டியைச் சுற்றிவந்தார்.

"ஏனுங்க பெரியவரே, இது வண்டிங்களா, கல்யாண மண்டபமுங்களா? இத்தன லைட்டு எரியுது. பொண்ணு மாப்பிள்ள எங்கீங்க?"

தானியேல் இறங்கினான். "பொண்ணு உள்ளாரதாங்க இருக்குது. வந்து பாருங்க."

அவர் கதவு வழியாகத் தலையை நீட்டி எஸ்தரைப் பார்த்தார். டார்ச்சை உடனே அணைத்துவிட்டார். பிறகு என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னார்.

"மேல பனி எறங்கியிருக்குதுங்க. லாரிக்காரங்களே திரும்பி வந்துட்டாங்க. சொன்னா கேளுங்க, காலையில போங்க."

"காலையில இவ இருக்கமாட்டாளுங்க."

அவர் கயிற்றைப் பிடித்து இழுத்து ரோட்டுக்குக் குறுக்கே கிடந்த மரக்கட்டையை மேலே தூக்கினார். "எந்தச் சாமியக் கும்புடறீங்களோ, கும்புட்டுக்கிட்டே ஓட்டுங்க" என்றார்.

முதல் சில வளைவுகள் ஒன்றும் தெரியவில்லை. என் கைக்கு வண்டி கட்டுப்பட்டது. பாதி மலை ஏறினதும் பனிக்குள் நுழைந்தோம். பஞ்சைக் கொண்டுவந்து கண்ணாடியில் அப்பினதுபோல. நான் ஹெட்லைட்டை முழுசாகத் தூக்கிப் போட்டேன். அவ்வளவுதான், எதிரே வெள்ளைச் சுவர் எழுந்து நின்றது. எவ்வளவு வெளிச்சம் போட்டேனோ அவ்வளவும் என் கண்ணுக்கே திரும்பி வந்தது.

அது மட்டும் இல்லை. முன் கண்ணாடியில் உள்ளே எரிகிற டியூப் லைட்டின் பிம்பம் விழுந்தது. சீரியல் பல்புகள் சிவப்பும் பச்சையுமாக ஓடிக்கொண்டிருந்தன. வசனத்துக்குப் போட்ட வெள்ளை எழுத்து மினுங்கியது. கட்டிலும் அதில் தெரிந்தது. கட்டில்மேல் சாய்ந்திருந்த எஸ்தரும் தெரிந்தாள். ரோடு இருக்கவேண்டிய இடத்தில் என் மனைவி படுத்திருந்தாள். அவளுக்குப் பின்னால் என்ன இருக்கிறது, மலையா பள்ளமா, எதுவும் தெரியவில்லை.

"மாமா, ரோடு தெரியுதுங்களா?" என்றான் தானியேல்.

"தெரியுது" என்றேன்.

"எனக்குத் தெரியலீங்க மாமா."

"உனக்கு எப்பத்தான் தெரிஞ்சிருக்குது? வாய மூடீட்டு உக்காரு மாப்ள."

எனக்கும் தெரியவில்லை. எத்தனையோ மாதங்களாகக் கர்த்தரோடு பேசாமல் இருந்தவன் அன்று வாய்விட்டுக் கத்தினேன். "ஆண்டவரே, இவளைப் பிழைக்கவையும் என்று இனி உம்மிடம் கேட்கமாட்டேன். ரோட்டில் சாகவிடாதேயும். அக்கா மடி வரைக்கும் போதும். எனக்கு வெளிச்சம் தாரும். கொஞ்சம் வெளிச்சம் தாரும்."

அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டேன். என் கண்ணில் நீர் வழிந்து இருந்த பார்வையும் போனது.

அப்போது பின்னாலிருந்து குரல் வந்தது. பேச்சு நின்று வெகுநேரமாகியிருந்த எஸ்தருடைய குரல்.

"ஏனுங்க. லைட்ட நிறுத்துங்க."

கிரேஸ் சொன்னாள், "அம்மா, இருட்டாயிருமே. நீங்க பயப்படுவீங்களே."

"பயமில்ல கண்ணு. நிறுத்தச் சொல்லு."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் வாயில் நான் கேட்காத வார்த்தை அது. என் கால் தானாக பிரேக்கை மிதித்தது. கிரேஸ் டியூப் லைட்டை அணைத்தாள். நான் சீரியல் பல்பின் வயரைப் பிடுங்கினேன். ஹெட்லைட்டைக் கீழே இறக்கினேன்.

வண்டிக்குள் கும்மிருட்டு. எஸ்தரின் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

கண்ணுக்கு அந்த இருட்டு பழகக் கொஞ்சம் நேரமானது. பிறகு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. ஈரமான தார். அதன் ஓரத்தில் ஒரு வெள்ளைக் கல். அதற்கு அடுத்து இருந்திருக்கவேண்டிய கல் உடைந்து விழுந்திருந்தது. அந்த இடைவெளிக்கு அப்பால் ஒன்றுமே இல்லை. அங்கே ரோடு வலதுபக்கம் மடங்கிப் போயிருந்தது. நான் நேராக அந்த இடைவெளிக்குள் விட்டுக்கொண்டிருந்தேன். முன்சக்கரம் தாரை விட்டு மண்ணில் இறங்கியிருந்தது. இன்னும் ஒரு தள்ளு தள்ளியிருந்தால் நான்கு பேரும் வண்டியோடு கீழே.

தானியேல் கதவைத் திறந்து இறங்கி, கையால் தடவித் தடவிக் கல் தேடி எடுத்துப் பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தான். அவன் கல்லை நகர்த்தி நகர்த்தி வைக்க, நான் அங்குலம் அங்குலமாகப் பின்னால் எடுத்தேன். அவ்வளவு நீளமான வண்டியை, அந்தச் சரிவில், அந்த இருட்டில், எஞ்சினை அணையவிடாமல், பின்பக்கம் மலையிலும் இடிக்காமல் எடுப்பது சாதாரணக் காரியம் இல்லை. லாரி ஓட்டி நரைத்தவர்களிடம் கேட்டுப்பாருங்கள். நான் எடுத்தேன்.

பிறகு தானியேல் தன் வேட்டியை மடித்துக் கட்டி, தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை விரித்து முதுகில் போட்டுக்கொண்டு வண்டிக்கு முன்னால் நடந்தான். டார்ச்சைத் தரையைப் பார்த்துப் பிடித்துக்கொண்டான். அந்தத் துண்டைப் பார்த்தே நான் ஓட்டினேன். வளைவு வந்தால் கையைத் தூக்குவான். இருட்டுக்குள் கிரேஸ் மெல்லிய குரலில் பாடிக்கொண்டே வந்தாள். எஸ்தர் ஒருதரம்கூட லைட்டைப் போடச் சொல்லவில்லை. மலை உச்சிக்கு வந்ததும் பனி விலகியது. தானியேல் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்தான். அங்கிருந்து ஆசனூர் வழியாகக் காட்டு ரோட்டில் மெதுவாகப் போய்ச் சேர்ந்தோம்.

கோழி கூப்பிடுகிற நேரத்துக்குச் சாராள் அக்கா வீட்டு வாசலில் வண்டி நின்றது. அவர் கம்பளியோடு ஓடிவந்து வண்டிக்குள்ளேயே ஏறி, கட்டிலில் உட்கார்ந்து, எஸ்தர் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"வந்துட்டியா அம்மணி? இத்தன நாளா அக்காவ மறந்துபோட்டயே."

"மறக்கலக்கா. இவருதான் வேலை வேலைன்னு கூட்டீட்டு வரல" என்று சொல்லி எஸ்தர் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்த நிலைமையிலும் என்மேல் குற்றம் சொல்ல அவளுக்கு மூச்சு இருந்தது.

நான் குனிந்து கேட்டேன். "ஏம்மா, லைட்ட எதுக்கு நிறுத்தச் சொன்ன?"

"தெரியலீங்க. வேண்டாம்னு இருந்துச்சு."

"பயமா இல்லியா?"

"இல்லீங்க. நீங்க இருக்கறது கேட்டுச்சே."

பொழுது நன்றாக விடிந்து, மலைமேல் வெயில் விழுந்தது. அக்கா கரண்டியால் கொடுத்த ராகிக் கஞ்சியைக் கொஞ்சம் குடித்தாள். பிறகு கண்ணை மூடினாள். மடியிலேயே மூச்சு நின்றது. எந்த நேரத்தில் நின்றது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. அவ்வளவு அமைதி. அவள் தாயை அடக்கம் பண்ணின இடத்துக்குப் பக்கத்திலேயே அவளையும் வைத்தோம்.

இதைக் கேட்டு, ஜெபம் எங்கே கேட்கப்பட்டது, செத்துத்தானே போனாள் என்று ஒருவர் என்னிடம் சொன்னார். அவருக்கு நான் சொல்கிறேன். நான் கடைசியாக என்ன கேட்டேனோ அது எனக்குக் கிடைத்தது. நான் வெளிச்சம் கேட்டேன். நான் கேட்டபடி வெளிச்சம் கொடுத்திருந்தால் எல்லோரும் பள்ளத்தில் கிடந்திருப்போம். இருந்த வெளிச்சத்தையும் கர்த்தர் அணைத்தார். அதுவும் இருட்டுக்குப் பயந்தவள் வாயால் அணைக்கச் சொன்னார். முதலில் அவளுடைய பயத்தை எடுத்துவிட்டுத்தான் சொல்லவைத்தார். இதைவிட ஒரு பதில் எனக்கு வேண்டாம்.

துக்கம் போகவில்லை. போனதாகச் சொன்னால் பொய். இன்றும் இரவில் வீட்டில் விளக்கை அணைக்க என் கை வரமாட்டேன் என்கிறது. அவள் கட்டில் பக்கம் திரும்பிப் பார்க்காமல் படுக்க முடியவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மணி அடித்தால் இப்போது நான் உள்ளே இருக்கிறேன். அவள் உட்காருகிற இடம் காலியாக இருக்கிறதே என்று அழுகிறேன். அழுதுகொண்டே நன்றி சொல்கிறேன். இரண்டும் சேர்ந்துதான் வருகிறது.

வண்டியை நான் விற்கவில்லை. ஓட்டுகிறவன் முதுகுக்குப் பின்னால் கறுப்புக் கம்பளித் திரை தொங்கவிட்டேன். வண்டி ஓடும்போது உள்ளே யார் என்ன கேட்டாலும் பெரிய லைட் போடுவதில்லை. முன் கண்ணாடியில் இருந்த வசனத்தைச் சுரண்டி எடுத்து வண்டியின் இரண்டு பக்கத்திலும் எழுதினேன். அதற்குச் சிலர் வருத்தப்பட்டார்கள். வசனம் ரோட்டை மறைக்கக்கூடாது என்று அவர்களுக்குச் சொன்னேன். சீரியல் பல்பு ஒன்றுகூட இப்போது கிடையாது. பம்பருக்குக் கீழே மஞ்சள் விளக்கு இரண்டு, தரையைப் பார்த்தபடி. பனியில் ஹெட்லைட்டை இறக்கித்தான் போடுகிறேன். ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியவர்கள், அங்கே கைவிட்டபின் சொந்த ஊருக்குப் போகவேண்டியவர்கள் என்று யார் வந்து கேட்டாலும் வண்டியைக் கொடுக்கிறேன், நானே ஓட்டுகிறேன். உயிர் அவசரம் இல்லாத எந்தப் பயணத்திலும் பொழுது இறங்கினபின் மலையேறுவதில்லை. அடிவாரத்தில் நிறுத்தி எல்லோரையும் தூங்கச் சொல்கிறேன். வழியனுப்பு ஜெபத்தை முந்தின நாளே வைத்துக்கொள்ளுங்கள் என்றும் சபையாரிடம் சொல்லியிருக்கிறேன்.

இதைப் படிக்கிற உங்களில் யாரோ ஒருவர் இப்போது வீட்டில் சாய்ந்து உட்கார்ந்து தூங்குகிற ஒருவரைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். ஜெபித்து ஜெபித்து வாய் வறண்டிருக்கும். ஐயா, அம்மா, நிறுத்திவிடாதீர்கள். நீங்கள் கேட்கிற பொருள் வராமல் போகலாம். எதை எடுத்தால் உங்களுக்கு வழி தெரியுமோ அதைக் கர்த்தர் எடுப்பார். அந்த இருட்டில் பயந்து காலை அழுத்தாதீர்கள். கொஞ்சம் நின்று பாருங்கள். தார் ரோடு தெரியும்.

கடைசியாக ஒன்று. இதை நான் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

போதகர் ஐயா இதைப் பிரசங்கத்தில் சொன்னார். சொன்னது சந்தோஷம். ஆனால் வெள்ளை உடுத்தின தேவதூதன் ஒருவன் வண்டிக்கு முன்னால் நடந்து மலையேற்றினான் என்று சொன்னார். வண்டி தானாகப் பின்னால் நகர்ந்தது என்றும் சொன்னார். சபை முழுவதும் அல்லேலூயா சொன்னது. தானியேல் என் காதில், "மாமா, தூதன் பீடி குடிப்பானுங்களா?" என்று கேட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முன்னால் நடந்தது தானியேல். மறுநாள் காலையில் பார்த்தால் அவன் பாதம் வெடித்து ரத்தம் கட்டியிருந்தது. விளக்கை அணைக்கச் சொன்னது எஸ்தர். வண்டியைப் பின்னால் எடுத்தது நான். கர்த்தர் தூதனை அனுப்பியிருந்தாலும் அவர் மகிமைதான், எங்களை வைத்துச் செய்தாலும் அவர் மகிமைதான். எங்கள் பேரைச் சொன்னால் கர்த்தருடைய மகிமை குறைந்துபோகும் என்று நான் நினைக்கவில்லை. பேழையைத் தண்ணீரில் காத்தவர் கர்த்தர். ஆனாலும் அதற்குத் தார் பூசினவன் நோவா என்று வேதத்தில் பேர் போட்டுத்தான் எழுதியிருக்கிறது.

ஆகையால் இதைப் பத்திரிகையில் அச்சுப் போடுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். எஸ்தர் பேரை முதலில் போடுங்கள். அடுத்தது தானியேல் பேர். அதற்குக் கீழே என் பேரைப் போடுங்கள், விடக்கூடாது. அக்கா மடிவரைக்கும் அவளைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் கர்த்தர். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவன் சாமியேல். இரண்டையும் எழுதுங்கள்.